பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் வரலாறும் தாவரக் கரிம ஐசோடோப்புச் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்குக் கிழக்கே அமைந்துள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு கடந்த நூற்றாண்டில் பெரும் சிதைவையும், 1990-களுக்குப் பின் ஓரளவு மீட்சியையும் கண்டது. அச்சிதைவிற்குக் காரணம் யாது என்னும் வினா இன்றுவரை சமூக முக்கியத்துவம் உடையதாக விளங்குகிறது. தாவரங்களின் உடலில் பதியும் கரிம ஐசோடோப்பு விகிதம் சூழலுக்குத் தாவரம் ஆற்றும் எதிர்வினையைக் காட்டும் சான்றாகும். அச்சான்று இக்காட்டின் வரலாற்றை எழுத எந்த அளவிற்குத் துணைபுரியும், எவ்விடத்தில் அதன் எல்லை முடிகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘தில்லை’ என்னும் ஊர்ப்பெயர் குறித்த வரலாற்று வினாவும் இதே நோக்கில் பரிசீலிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிச்சாவரம், தில்லை, அலையாத்தி, கரிம ஐசோடோப்பு, உவர்ப்பு, சூழலியல் வரலாறு.

முன்னுரை

வரலாற்றாய்வாளர் கல்வெட்டு, செப்பேடு, இலக்கியம், ஆவணம் ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். காட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இச்சான்றுகள் போதுமானவையாக அமைவதில்லை. வனத்துறை ஆவணங்கள் எத்தனை மரங்கள் வெட்டப்பட்டன என்று கூறும். எஞ்சிய மரம் எவ்வாறு உயிர்த்தது என்று கூறா. இலக்கியம் மரத்தின் பெயரைக் கூறும். அம்மரம் நின்ற மண்ணின் உவர்ப்பைக் கூறாது. இவ்விடைவெளியை நிரப்பக்கூடிய சான்றுகளுள் ஒன்று மரத்தின் உடலிலேயே உள்ளது. தாவரம் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் கரிமம் அத்தாவரம் வாழ்ந்த சூழலின் சுவட்டைத் தாங்கியுள்ளது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட கழிமுகப் பகுதியில் ஏறத்தாழ 1100 எக்டர் பரப்பில் பிச்சாவரம் சதுப்புநிலம் விரிந்துள்ளது. வெண்கண்டல் எனப்படும் அவிசீனியா மெரைனா இங்குப் பெரும்பான்மையான மரம். கால்வாய்க் கரைகளில் சுரபுன்னை எனப்படும் ரைசோபோரா இனங்கள் வேர்க்கால் ஊன்றி நிற்கின்றன. நிலப்புற விளிம்பில் தில்லை மரங்கள் காணப்படுகின்றன. ரைசோபோரா அண்ணாமலையானா என்னும் கலப்பினம் இக்காட்டிலிருந்தே 1995-இல் பேராசிரியர் க. கதிரேசனால் விவரிக்கப்பட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பெற்றது. அறிவியலாளர்க்கு நன்கு அறிமுகமான இக்காடு வரலாற்றாய்வாளர்க்கும் உரியதாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை நிலைப்பாடு.

கரிம ஐசோடோப்பு: கருத்தின் வரலாறு

கரிமம் இயற்கையில் மூவகை ஐசோடோப்புகளாக, அதாவது ஓரகத்தனிமங்களாக, உள்ளது. கரிமம்-12 ஏறத்தாழ 98.9 விழுக்காடும், கரிமம்-13 ஏறத்தாழ 1.1 விழுக்காடும் உள்ளன. இவ்விரண்டும் சிதையாதவை. மூன்றாவதான கரிமம்-14 மிகச் சிறிய அளவில் உள்ளது, கதிரியக்கத்தால் சிதைவது. தொல்லியலார் காலக்கணிப்பிற்குப் பயன்படுத்துவது இதனையே. இக்கட்டுரையில் முதன்மையாகப் பேசப்படுவது முதலிரண்டின் விகிதம்.

சுண்ணாம்புக் கல்லில் உள்ளதைவிடத் தாவரப் பொருளில் கரிமம்-13 குறைவாக உள்ளது என்பதை நியர், குல்பிரான்சன் ஆகிய இருவரும் 1939-இல் வெளிப்படுத்தினர். ஹார்மன் கிரெய்க் 1953-இல் இயற்கைப் பொருள்கள் பலவற்றின் கரிம விகிதங்களை விரிவாக அளந்து வெளியிட்டார். அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த ‘பீடீ’ படிவத்துப் புதைபடிவ ஓட்டின் விகிதம் ஒப்பீட்டு அளவாக ஏற்கப்பட்டது. அதிலிருந்து ஒரு பொருள் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை ஆயிரத்தின் பங்குகளாகக் கூறுவதே ‘டெல்டா’ மதிப்பு. எண் எவ்வளவு எதிர்மறையாக உள்ளதோ அவ்வளவு கரிமம்-13 குறைவு என்று கொள்ளவேண்டும்.

1960-களில் கரும்பிலும் சில புற்களிலும் வேறுபட்ட ஒளிச்சேர்க்கை வழி ஒன்று கண்டறியப்பட்டது. அவ்வழியைக் கையாளும் தாவரங்கள் சி-4 எனவும், பெரும்பான்மையான ஏனையவை சி-3 எனவும் வழங்கப்படுகின்றன. நெல், அலையாத்தி மரங்கள், மற்ற பெரும்பாலான மரங்கள் சி-3 வகையின. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, வரகு ஆகியன சி-4 வகையின. சி-3 தாவரங்களின் டெல்டா மதிப்பு சராசரியாக −27-ஐ ஒட்டியும், சி-4 தாவரங்களின் மதிப்பு −12 முதல் −14 வரையிலும் அமைகின்றது. இவ்விரு வகைகளின் வேறுபாடு ஒரு படிவில் எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்பதை அறிய உதவுகிறது.

1982-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரஹாம் ஃபார்க்கரும் அவருடன் ஓ’லியரி, பெர்ரி ஆகியோரும் சி-3 தாவரத்திற்குள்ளேயே நிகழும் மாறுபாட்டை விளக்கினர். வளி இலைத்துளை வழியாக உட்புகும்போது எடை கூடிய கரிமம்-13 சற்றுப் பின்தங்குகிறது. இவ்வேறுபாடு ஆயிரத்திற்கு 4.4. உட்புகுந்த வளியை ரூபிஸ்கோ நொதி பிணைக்கும்போது கரிமம்-13 மிகுதியாக ஒதுக்கப்படுகிறது; இவ்வேறுபாடு ஏறத்தாழ 27. இலைத்துளை நன்கு திறந்திருந்தால் உள்ளே வளி நிறைந்திருக்கும். நொதி தேர்ந்தெடுத்துக்கொள்ள இடமுண்டு. இலைத்துளை சுருங்கினால் உள்ளிருக்கும் வளி குறையும். நொதி கிடைத்ததைப் பயன்படுத்த நேரிடும். ஆகவே நீர் நெருக்கடியில் வாழும் இலையில் கரிமம்-13 சற்றுக் கூடுதலாகச் சேர்கிறது.

இதனை எண்ணால் விளக்கலாம். வெளிவளியின் டெல்டா மதிப்பு −8 எனக் கொள்வோம். இலையின் உள்வளிக்கும் வெளிவளிக்கும் உள்ள விகிதம் 0.7 ஆனால் இலையின் மதிப்பு ஏறத்தாழ −27.6 ஆகும். அவ்விகிதம் 0.5 ஆகக் குறைந்தால் மதிப்பு ஏறத்தாழ −23.3 ஆகும். இவ்வேறுபாட்டை நிறைநிறமாலைமானி எளிதில் அளந்துவிடும். அதற்குச் சில மில்லிகிராம் உலர்ந்த இலையே போதுமானது.

உப்பும் இலைத்துளையும்

அலையாத்தி மரம் நீரில் நின்றுகொண்டே தாகத்தால் வாடும் மரமாகும். வேரைச் சூழ்ந்த நீர் உவர்நீராதலால் அதிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்க மரம் பெருமுயற்சி செய்யவேண்டியுள்ளது. சுரபுன்னை பெருமளவு உப்பை வேரிலேயே தடுக்கிறது. வெண்கண்டல் உட்புகுந்த உப்பின் ஒரு பகுதியை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. அவ்விலைகளின் மீது உப்புப்படலம் படிந்திருப்பதைக் காணலாம். எவ்வழியாயினும் நீர் விலையுயர்ந்த பொருளாதலால் மரம் அதனைச் சிக்கனமாகச் செலவிடுகிறது.

மேரிலின் பால், ஃபார்க்கர் ஆகியோர் 1984-இல் வெண்கண்டலையும் ஈஜிசெராஸ் என்னும் மற்றோர் அலையாத்தி இனத்தையும் வெவ்வேறு உவர்ப்பிலும் ஈரப்பதத்திலும் நெடுநாள் வளர்த்து, அவற்றின் ஒளிச்சேர்க்கையும் இலைத்துளை இயக்கமும் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆராய்ந்தனர். இவ்வகை ஆய்வுகள் உணர்த்தும் உண்மை ஒன்றே. உவர்ப்பு மிகும்போது இலைத்துளை கட்டுப்படுகிறது. நீர்ச் சிக்கனம் கூடுகிறது. இலையின் டெல்டா மதிப்பு குறைந்த எதிர்மறையை நோக்கி நகர்கிறது. பிச்சாவரத்து மரங்களில் பெரும்பான்மை வெண்கண்டலே ஆதலால் இம்முடிவு இங்கு நேரடியாகப் பொருந்துகிறது.

பிச்சாவரத்தின் ஒரு நூற்றாண்டு

பிச்சாவரத்திற்கு வந்த நன்னீரின் வரலாறு காவிரிப் பாசனத்தின் வரலாற்றோடு பிணைந்தது. 1836-ஐ ஒட்டி ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்தன. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. பாசனத்திற்கு நீர் திருப்பப்பட்டதால் கடைமடையைத் தாண்டிக் கழிமுகத்தை அடையும் நன்னீர் குறைந்தது. வடகிழக்குப் பருவமழையின் சில மாதங்களில் மட்டும் கழிகள் நன்னீரால் நிறைகின்றன. கோடையில் உவர்ப்பு கடல்நீரின் அளவை எட்டுகிறது. இம்மாற்றத்தில் நன்னீர் விரும்பும் இனங்கள் அருக, உப்பைத் தாங்கவல்ல வெண்கண்டல் மேலோங்கியது.

இரண்டாவது காரணம் வனமேலாண்மை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் 1970-கள் வரை காடு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து ஒவ்வொரு கூறும் முழுமையாக வெட்டப்பட்டது. நிழலற்றுப்போன சேற்று நிலத்தில் வெயில் நேரடியாக விழுந்தது. மண்ணின் ஈரம் ஆவியாகி நிலம் தாழ்ந்து தொட்டி போன்ற பள்ளமாயிற்று. ஓதத்தில் உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகவே, உப்பு மேன்மேலும் செறிந்தது. அந்நிலத்தில் வெண்கண்டல் நாற்றும் முளைக்கவில்லை. உமரிச் செடிகளே படர்ந்தன.

நெடுங்காலம் இச்சிதைவிற்குச் சுற்றியுள்ள சிற்றூர் மக்களின் விறகு வெட்டலும் மாடு மேய்த்தலுமே காரணம் என்று கருதப்பட்டது. கழியில் கையால் இறால் பிடித்து வாழும் இருளரும், மீனவரும், கால்நடை வளர்ப்போரும் காட்டின் பகைவராகப் பார்க்கப்பட்டனர். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு, முழுவெட்டு முறையால் உண்டான பள்ளங்களே முதன்மைக் காரணம் என்று காட்டியது. வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினர், ஓதநீர் வந்து மீண்டது, மரக்கன்றுகள் நிலைத்தன. செல்வம் முதலியோர் 2003-இல் செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு வெளியிட்ட கட்டுரை, முந்தைய 15 ஆண்டுகளில் அலையாத்திப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியது என்று கூறுகிறது.

இங்குதான் கரிமச் சான்றின் தேவை எழுகிறது. செயற்கைக்கோள் பரப்பைக் காட்டும். மரத்தின் உள்நிலையைக் காட்டுவது கடினம். ஆற்றுநீர்க் குறைவு, நிலப்பள்ளம் ஆகிய இரு காரணங்களும் உவர்ப்பையே உண்டாக்கின எனினும், அவை காட்டில் விட்டுச்செல்லும் சுவடுகள் வேறானவை. ஆற்றுநீர்க் குறைவே முதன்மையாயின் கால்வாய்க் கரை மரம் தொடங்கி உட்பகுதி மரம் வரை எல்லாவற்றின் டெல்டா மதிப்பும் ஒருசேர நகர்ந்திருக்க வேண்டும். நிலப்பள்ளமே முதன்மையாயின் நாளும் ஓதநீர் கழுவும் கரை மரங்கள் மாறாதிருக்க, முன்பு வெட்டப்பட்ட கூறுகளின் உட்பகுதி மரங்கள் மட்டும் விலகி நிற்கவேண்டும். கால்வாய் வெட்டிய கூற்றில் அவ்விலகல் காலப்போக்கில் குறையவும் வேண்டும். ஆகவே கரைக்குக் குறுக்காக ஒரே இனத்து இலைகளை வரிசையாக எடுத்து அளப்பது, யார்மீது பழி சுமத்தப்பட்டது என்னும் சமூக வினாவிற்கும் விடை தேடும் முறையாகிறது.

சான்றைக் கையாள்வதில் எச்சரிக்கைகள்

எந்தச் சான்றையும் போல இதுவும் மூலத்திறனாய்விற்கு உட்பட்டது. முதலாவதாக, காற்றே மாறியுள்ளது. நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியன பழந்தாவரங்களின் எச்சங்களாதலால் கரிமம்-13 குறைந்தவை. அவற்றை எரித்ததால் வளிமண்டலக் கரியமில வளியின் அளவு தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த மில்லியனில் 280 பங்கிலிருந்து 420-க்கு மேல் உயர்ந்தது. அதன் டெல்டா மதிப்பு ஏறத்தாழ −6.5-இலிருந்து −8.5-ஐ ஒட்டி இறங்கியது. எனவே உலர்தாவரக் காப்பகத்தில் உள்ள நூறாண்டுப் பழைய வெண்கண்டல் இலையையும் இன்றைய இலையையும் திருத்தமின்றி ஒப்பிடுதல் தவறு. உவர்ப்பு மதிப்பை ஒரு திசையில் நகர்த்த, காற்றின் மாற்றம் எதிர்த்திசையில் நகர்த்துகிறது. உண்மையில் கூடிய உவர்ப்பு, எண்ணில் மாற்றமின்மையாகத் தோன்றக்கூடும். உலர்தாவர இலைகள் சூழல் வரலாற்றிற்கு ஆவணமாகும் என்பதை இலைத்துளை எண்ணிக்கையைக்கொண்டு வுட்வர்ட் 1987-இல் காட்டினார். அவ்வாவணத்தைப் படிக்க அதன் காலத்துக் காற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, இலையின் இருப்பிடம். அடர்காட்டின் கீழ்நிலை இலைகள் மண்ணிலிருந்து வெளிவரும் வளியையும் ஏற்பதாலும் நிழலில் வளர்வதாலும் மிகுந்த எதிர்மறை மதிப்பைப் பெறுகின்றன. வெயில்படும் உச்சி இலைகளையே ஒப்பிடுதல் முறை.

மூன்றாவதாக, இனங்களின் கலப்பு. உவர்நிலத்து உமரி வகைகளுள் சுவேடா மாரிடிமா சி-3 வழியையும், சுவேடா மோனாய்கா சி-4 வழியையும் கையாள்கின்றன. பின்னதன் இலைச்சருகு சேற்றில் கலந்தால் படிவின் மதிப்பு உயரும். அதனை அலையாத்தியின் நீர் நெருக்கடி என்று பிழையாகக் கொள்ளும் வாய்ப்புண்டு.

நான்காவதாக, மரவளையங்கள். வெண்கண்டலின் தண்டில் காணும் அடுக்குகள் ஆண்டுக்கொன்றாக அமைவன அல்ல. எனவே அவற்றை எண்ணிக் காலவரிசை அமைக்க இயலாது. கென்யாவின் சுரபுன்னையில் மழைக்காலம், வறட்காலம் ஆகியவற்றைப் பின்பற்றி நீர்க்குழாய்களின் அடர்த்தி மாறுவது கண்டறியப்பட்டுள்ளது. பருவமழை தெளிவாகப் பிரிந்துநிற்கும் பிச்சாவரத்திலும் சுரபுன்னையே இத்தேடலுக்கு ஏற்ற இனம்.

சேறு கூறும் செய்தி

இலை ஓராண்டின் செய்தியைக் கூறினால் சேறு நூற்றாண்டுகளின் செய்தியைக் கூறும். இத்துறையில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பணி முன்னோடியானது. கராத்தினி, பிளாஸ்கோ, கணபதி தணிகைமோனி ஆகிய மூவரும் 1973-இல் தென்னிந்திய அலையாத்திக் காட்டின் மகரந்தத்திற்கும் அங்கு நிற்கும் தாவரங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வெளியிட்டனர். தணிகைமோனி 1986 செப்டம்பரில் கராச்சியில் நிகழ்ந்த விமானக் கடத்தலில் உயிரிழந்தார். அலையாத்தி மகரந்தவியல் பற்றிய அவரது நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதே 1987-இல் காவிரிக் கழிமுகத்தின் அண்மைக்கால அலையாத்தி மாற்றங்களை மகரந்தங்களைக்கொண்டு திசோ விளக்கினார்.

சேற்றிலுள்ள கரிமப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை ஐசோடோப்பு விகிதத்தாலும், கரிம–நைட்ரசன் விகிதத்தாலும் பிரித்தறியும் ஆய்வுகளை ரஞ்சன், ரௌத், அ.ல. இராமநாதன் முதலியோர் பிச்சாவரத்தில் நிகழ்த்தி 2010, 2011 ஆண்டுகளில் வெளியிட்டனர். கடல் நுண்பாசியின் டெல்டா மதிப்பு பொதுவாக −20-ஐ ஒட்டியும், அலையாத்தி இலையின் மதிப்பு அதனினும் தாழ்ந்தும் இருப்பதே இம்முறையின் அடிப்படை. எனினும் வயலிலிருந்து அடித்துவரப்படும் நெற்பயிர் எச்சமும் அலையாத்திச் சருகும் சி-3 வகையாதலால் டெல்டா மதிப்பு ஒன்றைமட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. மகரந்தத்திற்கும் தனிக் குறை உண்டு: காற்றில் பரவும் சுரபுன்னை மகரந்தம் மிகையாகவும், பூச்சிகளை நம்பியுள்ள வெண்கண்டல் மகரந்தம் குறைவாகவும் படிகின்றன. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்வதால் இரண்டையும் இணைத்தே படிக்கவேண்டும்.

இம்முறை தமிழகத்தில் பெரும்பயன் தந்ததற்கு நீலகிரி ஓர் எடுத்துக்காட்டு. இரா. சுகுமார், இரா. இரமேஷ், பந்த், கோ. இராஜகோபாலன் ஆகியோர் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, நீலகிரி உயர்மலைப் புதைசேற்றின் டெல்டா மதிப்புகளைக்கொண்டு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் ஈர, வறட்சிக் காலங்களைக் காட்டியது. அங்குச் சோலை மரங்கள் சி-3, வறட்சியில் பரவும் புற்கள் சி-4 என்பதால் எண்களின் இடைவெளி பெரிது, செய்தி தெளிவு. பிச்சாவரத்திலோ பெரும்பாலும் சி-3 மரங்களே உள்ளன; இடைவெளி சிறிது. நீலகிரியில் தாவரவகையின் மாற்றம் படிக்கப்பட்டது. பிச்சாவரத்தில் ஒரே தாவரத்தின் எதிர்வினையே படிக்கப்பட வேண்டும். இவ்வேறுபாட்டை உணராது முன்னதன் முறையைப் பின்னதற்கு அப்படியே பொருத்துதல் பிழையாகும்.

தில்லை என்னும் பெயர்

சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தேவார மூவர் காலத்திலேயே இப்பெயர் நிலைபெற்றிருந்தது. தில்லை மரமே அத்தலத்தின் தலமரம். எக்சோகேரியா அகல்லோச்சா எனத் தாவரவியலார் வழங்கும் இம்மரத்தின் பால் கண்ணிற்பட்டால் பார்வைக்குக் கேடு விளைவிக்கும். அலையாத்திக் காட்டின் நிலப்புற விளிம்பில், உவர்ப்பு ஓரளவே உள்ள நிலத்தில் வளர்வது இதன் இயல்பு. இன்று இம்மரத்தைத் தோப்பாகக் காண வேண்டுமெனின் நகரிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. கிழக்கே பிச்சாவரத்திற்குச் செல்லவேண்டும்.

இதிலிருந்து, ஒருகாலத்தில் கழிமுகம் சிதம்பரம் வரை நீண்டிருந்தது. பின்னர் ஆற்றுவண்டலால் கடல் பின்வாங்கியது என்று முடிவு கூறுதல் எளிது. ஆயின் ஊர்ப்பெயர் மரத்தின் இருப்பிற்குச் சான்றாகலாமே தவிரக் கடற்கரையின் எல்லைக்குத் தனிச்சான்றாகாது. தில்லை உவர்ப்பு குறைந்த உள்நிலத்திலும் வளரவல்லது. நகரைச் சூழ்ந்த வண்டலின் அடியில் கிடைக்கும் கரிமச் சேற்றில் தில்லை மகரந்தம், உவர்நீர் நுண்ணுயிர் ஓடுகள், டெல்டா மதிப்பு, கரிமம்-14 காலக்கணிப்பு ஆகிய நான்கும் ஒத்துரைத்தால் மட்டுமே அம்முடிவு உறுதிப்படும். டெல்டா மதிப்பு ஒன்றே தில்லையை வெண்கண்டலிலிருந்தோ நெல்லிலிருந்தோ பிரித்துக்காட்டாது. புராணம் கூறும் தில்லைவனத்தை அறிவியல் மெய்ப்பித்தது என்று விரைந்து எழுதுவோர் இதனை மனங்கொள்ளவேண்டும்.

காலக்கணிப்பில் மறைந்திருக்கும் டெல்டா

அகழாய்வு அறிக்கைகளைப் பயன்படுத்தும் தமிழாய்வாளர் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ கரிமம்-13 அளவைப் பயன்படுத்துகின்றனர். கரிமம்-14 ஆண்டுக்கணக்கு, மாதிரியின் டெல்டா மதிப்பு −25 எனக் கொண்டு திருத்தப்பட்ட பின்னரே வெளியிடப்படுகிறது. ஒவ்வோர் அலகு வேறுபாடும் ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்குச் சமம். நெல்மணிக்கு இத்திருத்தம் சிறிது. கம்பு, வரகு போன்ற சி-4 தானியத்திற்கோ ஏறத்தாழ 200 ஆண்டுகள். திருத்தாவிடில் தானியம் அவ்வளவு இளமையாகத் தோன்றும். ஆகவே தானியச் சான்றுகளை ஒப்பிடும்போது எத்தானியம், திருத்தம் செய்யப்பட்டதா என்னும் இரு வினாக்களையும் எழுப்புவது வரலாற்றாய்வாளரின் கடமை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, பிச்சாவரத்து மரங்களின் கரிம ஐசோடோப்பு விகிதம் அவை எதிர்கொண்ட உவர்ப்பிற்கும் நீர் நெருக்கடிக்கும் சான்றாகும். காற்றின் மாற்றம், இலையின் இருப்பிடம், இனக்கலப்பு ஆகியவற்றிற்குத் திருத்தம் செய்தே அதனைக் கொள்ளவேண்டும். இரண்டு, ஆற்றுநீர்க் குறைவையும் முழுவெட்டால் நேர்ந்த பள்ளத்தையும் பிரித்தறிய இடவரிசைப்படி எடுக்கப்படும் இலைகள் உதவும். கழியோர மக்கள்மீது சுமத்தப்பட்ட பொறுப்பை மறுபரிசீலனை செய்ய இது வழிவகுக்கும். மூன்று, தில்லைவனம் போன்ற மரபுச் செய்திகளுக்கு இச்சான்று துணைச்சான்றே அன்றித் தனிச்சான்று அன்று.

காட்டின் பரப்பு மீண்டுள்ளது. மீண்ட காட்டின் மரங்கள் முன்னையினும் குறைந்த நெருக்கடியில் வாழ்கின்றனவா என்பது அடுத்து எழும் வினா. கொள்ளிடத்தில் கடலுக்கு விடப்படும் நீரை வீண் என்று கருதும் வழக்கம் உள்ள நிலத்தில் அவ்வினாவிற்கான விடை நீர்ப்பகிர்வு பற்றிய விவாதத்திலும் இடம்பெற வேண்டும். தாவரவியலாரும் வரலாற்றாய்வாளரும் ஒரே காப்புக்காட்டில், ஒரே உலர்தாவரத் தொகுப்பில் இணைந்து பணிபுரியும்போதே அவ்விடை கிட்டும்.